மூளையில் கட்டி என்று சொல்லிவிட்டார்கள்: எதைத் தேடுவது, யாரிடம் கேட்பது

ஸ்கேன் ரிப்போர்ட்டைக் கையில் வைத்துக்கொண்டு இதைப் படிக்கிறீர்களானால், இன்று இரவே எல்லாவற்றையும் தெரிந்துகொண்டாக வேண்டும் என்று உட்காராதீர்கள். என் அக்கா வீட்டுக்காரருக்கு மூளையில் கட்டி என்று தெரிந்த வாரம், எங்கள் வீட்டுப் படியேறிய ஒவ்வொருவரும் ஒரு டாக்டர் பெயரையோ, ஒரு மூலிகையையோ, இதே நோயில் போன யாரோ ஒருவரின் கதையையோ சொல்லிவிட்டுப் போனார்கள். எல்லாம் அன்பில் சொன்னவைதான். ஆனால் பெரும்பாலானவை வேறு வகைக் கட்டியைப் பற்றியவை. அதன் பிறகு தெரிந்தவர்கள், தெரிந்தவர்களுக்குத் தெரிந்தவர்கள் என்று பல குடும்பங்களோடு ஆஸ்பத்திரி வராண்டாவில் உட்கார்ந்திருக்கிறேன். எல்லாரிடமும் நான் சொல்வது ஒன்றுதான்: அடுத்து எடுக்க வேண்டிய முடிவு எது என்று பாருங்கள். அந்த முடிவுக்கு என்ன தெரிய வேண்டுமோ அதை மட்டும் தேடுங்கள். மீதி காத்திருக்கட்டும்.

இந்த வழிகாட்டியும் அந்த வரிசையில்தான் போகிறது. தமிழ்நாட்டில் சிகிச்சை பார்க்கும் குடும்பத்தை மனத்தில் வைத்து எழுதியிருக்கிறேன்.

இன்றே ஓட வேண்டுமா?

முதல் கேள்வி இதுதான். தலைவலி நாளுக்கு நாள் கூடி, கூடவே வாந்தியும் இருக்கிறது, ஆள் எப்போதும் தூங்கி வழிகிறார், கூப்பிட்டால் சரியாகப் பதில் வரவில்லை, கை காலில் திடீரென்று பலம் குறைகிறது, பேச்சு குழறுகிறது, பார்வை மங்குகிறது. இவற்றில் எது இருந்தாலும் அடுத்த ஓபி நாளுக்காகக் காத்திருக்காமல் 108ஐ அழைத்து, நரம்பு அறுவை சிகிச்சைப் பிரிவு உள்ள ஆஸ்பத்திரிக்குப் போய்விடுங்கள்.

ஃபிட்ஸ் வந்தால் என்ன செய்வது என்பதை வீட்டில் எல்லாரும் தெரிந்துவைத்திருக்க வேண்டும், பள்ளிக்கூடம் போகும் பிள்ளைகள் உட்பட. ஒருக்களித்துப் படுக்க வையுங்கள். தலைக்குக் கீழே துண்டோ தலையணையோ வையுங்கள். கழுத்தை இறுக்கும் பட்டனைக் கழற்றுங்கள். கடிகாரத்தைப் பாருங்கள். கையில் சாவிக்கொத்தையோ இரும்பையோ திணிப்பதால் ஃபிட்ஸ் நிற்காது, விரல்தான் காயப்படும். வாயில் கரண்டி வைப்பது பல்லை உடைக்கும், தண்ணீர் ஊற்றுவது மூச்சுக்குழாயில் போய்விடும். பெரும்பாலான ஃபிட்ஸ் இரண்டு மூன்று நிமிடத்தில் தானாக அடங்கிவிடும். 5 நிமிடம் தாண்டினால், அல்லது நினைவு திரும்புவதற்குள் மறுபடி வந்தால், 108. ஒருமுறை ஃபிட்ஸ் வந்தவர் டாக்டர் சரி என்று சொல்லும்வரை வண்டி ஓட்டக் கூடாது. கிணற்றடி, மொட்டை மாடி, அடுப்படி ஆகிய இடங்களில் தனியாக விடவும் கூடாது.

இந்த அறிகுறிகள் எதுவும் இல்லை, ஆள் தெளிவாக இருக்கிறார் என்றால், யோசிக்க உங்களுக்கு நேரம் இருக்கிறது. எத்தனை நாள் இருக்கிறது என்பதை டாக்டரிடமே நேராகக் கேளுங்கள்: "சார், இதை ஒரு வாரத்துக்குள் முடிவு செய்ய வேண்டுமா, ஒரு மாதம் எடுத்துக்கொள்ளலாமா?" இதற்கு எல்லா டாக்டரும் பதில் சொல்வார்கள்.

ரிப்போர்ட் சொல்வதும் சொல்லாததும்

முதல் ரிப்போர்ட்டில் பெரும்பாலும் "எஸ்.ஓ.எல்." என்றோ "ஐ.சி.எஸ்.ஓ.எல்." என்றோ இருக்கும். மண்டைக்குள் இடத்தை அடைத்துக்கொண்டு ஏதோ ஒன்று இருக்கிறது என்பது மட்டுமே அதன் பொருள். நம் ஊரில் அது காசநோய்க் கட்டியாகவும் இருக்கலாம், நாடாப்புழு முட்டையால் வரும் நீர்க்கட்டியாகவும் இருக்கலாம். இரண்டுக்கும் மாத்திரையிலேயே சிகிச்சை உண்டு. சில சமயம் நுரையீரலிலோ மார்பிலோ தொடங்கிய புற்றுநோய் மூளைக்குப் பரவியதாக இருக்கும். அப்படியானால் தேட வேண்டியது அந்த உறுப்பின் புற்றுநோயைப் பற்றி. எனவே வெறும் சி.டி. ஸ்கேனை வைத்துக்கொண்டு யாரும் ஆயுள் கணக்குப் போட வேண்டாம். மருந்து ஏற்றி எடுக்கும் எம்.ஆர்.ஐ. அடுத்த படி. கடைசி வார்த்தை பயாப்ஸிக்குத்தான், அதாவது கட்டியில் ஒரு துணுக்கை எடுத்துச் செய்யும் சோதனைக்கு. விதிவிலக்குகள் சில உண்டு. பிட்யூட்டரி சுரப்பியில் வரும் புரோலாக்டினோமா என்ற கட்டியை ரத்தப் பரிசோதனையும் ஸ்கேனும் சேர்த்தே கண்டுபிடித்துவிடுவார்கள், பலருக்கு அது மாத்திரையிலேயே சுருங்கிவிடும்.

இந்தக் கட்டத்தில் செய்ய வேண்டிய உருப்படியான வேலை, ஒரு பைல் போடுவது. வீட்டில் நிதானமான ஒருவரிடம் இந்தப் பொறுப்பைக் கொடுங்கள். தேதி வரிசையில் எல்லா ரிப்போர்ட்டும், டிஸ்சார்ஜ் சம்மரியும், மருந்துச் சீட்டும், ரத்தப் பரிசோதனையும் அதில் இருக்க வேண்டும். ஸ்கேன் பிலிம் மட்டும் போதாது, கம்ப்யூட்டரில் போடும் சி.டி. தட்டிலும் கேட்டு வாங்குங்கள். இன்னொரு டாக்டர் கம்ப்யூட்டரில் போட்டு ஒவ்வொரு துண்டாகப் பார்க்க அதுதான் வேண்டும். வாங்கிய அன்றே அதை ஒரு பென்டிரைவில் நகல் எடுத்துக்கொள்ளுங்கள். பைலின் முதல் பக்கத்தில் ஒரே தாளில் எழுதிவையுங்கள்: பெயர், வயது, முதல் அறிகுறி எப்போது வந்தது, என்னென்ன செய்தார்கள், இப்போது சாப்பிடும் மாத்திரைகள், எந்த மருந்து ஒத்துக்கொள்ளாது. நள்ளிரவில் அவசர சிகிச்சைப் பிரிவில் இருக்கும் புது டாக்டருக்கு அந்த ஒரு தாள் போதும்.

மருத்துவப் பதிவுகளைக் கேட்பதில் கூச்சம் வேண்டாம். நோயாளியோ அவர் சார்பில் உரியவரோ கேட்டால் 72 மணி நேரத்துக்குள் தர வேண்டும் என்று இந்திய மருத்துவக் கவுன்சிலின் 2002ஆம் ஆண்டு விதிகள் சொல்கின்றன.

எங்கே காட்டுவது, யாரிடம் இன்னொரு கருத்து கேட்பது

அரசு ஆஸ்பத்திரியா, தனியாரா என்ற வாக்குவாதம் எல்லா வீட்டிலும் நடக்கும். அரசு ஆஸ்பத்திரி என்றாலே இரண்டாம் தரம் என்று நினைப்பவர்களுக்கு ஒரு தகவல்: இன்று ராஜீவ் காந்தி பெயரில் இருக்கும் சென்னை அரசு பொது மருத்துவமனையில் நரம்பு அறுவை சிகிச்சைத் துறையை டாக்டர் பி. ராமமூர்த்தி 1950இல் தொடங்கினார். நாட்டிலேயே அதற்கு முந்தையது, வேலூர் சி.எம்.சி.யில் டாக்டர் ஜேக்கப் சாண்டி 1949இல் தொடங்கிய துறை. இவை போக புதுச்சேரி ஜிப்மர், பெங்களூரு நிம்ஹான்ஸ், அடையாறு புற்றுநோய் நிறுவனம் எல்லாம் நமக்கு எட்டும் தூரத்தில் இருப்பவை. கட்டடத்தின் பளபளப்பைவிட முக்கியமான கேள்விகள் வேறு. இதுபோன்ற கட்டிகளை இங்கே வழக்கமாக ஆபரேஷன் செய்கிறார்களா? நரம்பு அறுவை நிபுணர், கதிர்வீச்சு நிபுணர், புற்றுநோய் மருந்து நிபுணர், நோய்க்குறியியல் நிபுணர் எல்லாரும் சேர்ந்து உட்கார்ந்து பேசும் "ட்யூமர் போர்டு" இங்கே உண்டா? ஆபரேஷனுக்குப் பிறகு கதிர்வீச்சு தேவைப்பட்டால் அது இங்கேயே கிடைக்குமா, ஆறு வாரம் வேறு ஊரில் தங்க வேண்டியிருக்குமா?

இரண்டாவது கருத்து கேட்டால் முதல் டாக்டர் கோபித்துக்கொள்வார் என்று பலர் பயப்படுகிறார்கள். நல்ல டாக்டர்கள் கோபிப்பதில்லை. "குடும்பத்தில் எல்லாருக்கும் ஒரு தெளிவு வேண்டும், இன்னொரு இடத்தில் காட்டிவிட்டு வருகிறோம்" என்று சொன்னாலே போதும். அலைய முடியாதவர்களுக்கும் வழி உண்டு. மும்பை டாடா நினைவு மருத்துவமனையை மையமாகக் கொண்டு 2012இல் தொடங்கிய நேஷனல் கேன்சர் கிரிட் என்ற கூட்டமைப்பு, நவ்யா என்ற நிறுவனத்தோடு சேர்ந்து, ரிப்போர்ட்டுகளை இணையத்தில் அனுப்பி நிபுணர் கருத்து பெறும் சேவையை நடத்துகிறது. மும்பைக்கு ரயில் ஏறுவதற்கு முன் இதை முயன்று பாருங்கள். பல குடும்பங்களுக்கு "உங்கள் ஊரில் சொல்லும் சிகிச்சையே சரி" என்ற பதில் வரும். அந்தப் பதிலே பெரிய நிம்மதி.

இரண்டு போதும். நாலு டாக்டர், ஐந்து டாக்டர் என்று போனால் வாரங்கள் கழியும், வேகமாக வளரும் கட்டி அதுவரை காத்திருக்காது.

டாக்டர் அறைக்குள் போகும்போது

ஓபியில் கிடைக்கும் நேரம் குறைவு. இரண்டு பேர் உள்ளே போங்கள்: ஒருவர் பேச, ஒருவர் எழுத. முடிந்தால் டாக்டர் சொல்வதைப் போனில் பதிவு செய்ய அனுமதி கேளுங்கள். அதிர்ச்சியில் இருக்கும்போது காதில் விழுந்ததில் பாதி நினைவில் நிற்காது.

ஆபரேஷனுக்கு முன் கேட்க வேண்டியவை: கட்டி மூளையின் எந்தப் பகுதியில் இருக்கிறது, அந்தப் பகுதியின் வேலை என்ன? முழுதாக எடுக்க முடியுமா, ஒரு பகுதியா, பயாப்ஸிக்கு ஒரு துணுக்கு மட்டுமா? பேச்சு, கை கால், பார்வை ஆகியவற்றில் எதற்கு ஆபத்து, அது தற்காலிகமா நிரந்தரமா? விழித்திருக்கும்போதே செய்யும் ஆபரேஷன் இவருக்குப் பொருந்துமா? ஆபரேஷன் செய்யாமல் ஆறு மாதம் பார்த்திருந்தால் என்ன ஆகும்? இந்தக் கடைசிக் கேள்வியை நிறையப் பேர் கேட்பதே இல்லை. மெனிஞ்சியோமா (மூளையைச் சுற்றியுள்ள உறையில் வருவது) போன்ற சில சிறிய கட்டிகளைப் பல ஆண்டுகள் ஸ்கேன் மட்டும் எடுத்துக் கவனித்துக்கொண்டே இருப்பதும் முறையான வைத்தியம்தான்.

எடுக்கும் கட்டித் துணுக்குக்கு என்னென்ன பரிசோதனை செய்யப்போகிறார்கள் என்பதையும் ஆபரேஷனுக்கு முன்பே கேளுங்கள். ஏன் என்று அடுத்து சொல்கிறேன்.

கட்டியின் முழுப் பெயர்

மற்ற எதையும் படிக்காவிட்டாலும் இந்தப் பகுதியை மட்டும் படியுங்கள்.

மூளைக்கட்டி ஒரே நோய் கிடையாது. உலக சுகாதார நிறுவனத்தின் 2021ஆம் ஆண்டு வகைப்பாட்டில் 100க்கும் மேற்பட்ட வகைகள் இருக்கின்றன. பெரும்பாலானவற்றுக்கு 1 முதல் 4 வரையில் ஒரு கிரேடு உண்டு. 1 என்றால் மெதுவாக வளர்வது, 4 என்றால் வேகமாக வளர்வது. மற்ற புற்றுநோய்களில் சொல்லும் "ஸ்டேஜ்" கணக்கு இங்கே பொதுவாகப் பொருந்தாது. எனவே கிரேடு 4 என்று எழுதியிருப்பதைப் பார்த்து உடம்பு முழுக்கப் பரவிவிட்டது என்று யாரும் அழ வேண்டாம். மூளையில் தொடங்கும் கட்டிகள் மூளை, தண்டுவடத்தைத் தாண்டிப் பரவுவது மிக அரிது.

2021இல் வந்த பெரிய மாற்றம் என்னவென்றால், மைக்ராஸ்கோப்பில் பார்த்துப் பெயர் வைப்பது மட்டும் இப்போது போதாது. மரபணுச் சோதனையும் சேர்ந்தால்தான் பெயர் முழுமையாகும். க்ளையோமா (மூளையின் துணைச் செல்களிலிருந்து வரும் கட்டி) என்று முதல் ரிப்போர்ட் வந்தால், "ஐ.டி.எச். சோதனை செய்தாச்சா? 1பி/19க்யூ பார்த்தாச்சா? எம்.ஜி.எம்.டி. பார்ப்பார்களா?" என்று கேளுங்கள். மூன்றும் கட்டியின் மரபணுவில் பார்க்கும் சோதனைகள். ஐ.டி.எச். மாற்றம் இருந்து, 1பி, 19க்யூ என்ற குரோமோசோம் துண்டுகள் இரண்டும் இல்லாமல் போயிருந்தால் அது ஆலிகோடென்ட்ரோக்ளையோமா. சிகிச்சைக்கு நன்றாகக் கட்டுப்படும் வகை இது, பலர் பல ஆண்டுகள் வாழ்கிறார்கள். ஐ.டி.எச். மாற்றம் இல்லாத க்ளையோபிளாஸ்டோமா வேறு மாதிரி, வேகமாக வளரும் கிரேடு 4 கட்டி. அதில் எம்.ஜி.எம்.டி. சோதனை, டெமோசோலோமைடு என்ற கீமோ மாத்திரை எவ்வளவு வேலை செய்யும் என்பதற்கு ஒரு குறிப்பைத் தரும். ஐ.டி.எச். மாற்றம் உள்ள கிரேடு 2 கட்டிகளுக்காக வொராசிடெனிப் என்ற மாத்திரைக்கு அமெரிக்காவில் 2024 ஆகஸ்டில் அனுமதி கிடைத்தது. இப்படி ஒவ்வொரு வழியும் அந்தப் பெயரிலிருந்துதான் பிரிகிறது.

பயாப்ஸி முடிவுக்கு ஒரு வாரம் பத்து நாள் ஆகும், மரபணுச் சோதனைக்கு மேலும் சில வாரம் ஆகலாம். அந்த நாட்கள் மிகக் கொடுமையானவை, தெரியும். ஆனாலும் அந்த நாட்களில் இணையத்தில் தேடாதீர்கள். பெயர் வராமல் தேடினால் எது உங்களுக்கானது என்று பிரிக்கவே முடியாது. கண்ணில் முதலில் படுவது எப்போதும் மிக மோசமான வகையாகத்தான் இருக்கும்.

இன்னொரு விஷயம், இதை யாரும் சொல்லித்தர மாட்டார்கள்: கட்டித் துணுக்கை மெழுகில் பதித்து வைத்திருப்பார்கள், "பிளாக்" என்று பெயர். அதிலிருந்து சீவி எடுத்த கண்ணாடித் தகடு "ஸ்லைடு". வேறு ஆஸ்பத்திரியில் கருத்து கேட்கவோ, விட்டுப்போன சோதனையைச் செய்யவோ இவை இரண்டும் வேண்டும். எழுத்து மூலம் கேட்டு, கையெழுத்துப் போட்டு வாங்கிக்கொள்ளலாம். வெயிலில் காருக்குள் விட்டுவிடாமல் பத்திரமாகக் கொண்டு போங்கள், மெழுகு உருகும்.

பெயர் வந்த பிறகு தேடுங்கள்

இப்போது தேடலாம். ஆங்கிலம் படிக்கத் தெரிந்த ஒருவர் வீட்டில் இருந்தால் அவரிடம் இந்த வேலையை ஒப்படையுங்கள். ஆங்கிலத்தில் நம்பி வாசிக்கத்தக்கவை: 1973 முதல் இயங்கும் அமெரிக்கன் பிரெய்ன் ட்யூமர் அசோசியேஷன், பிரிட்டனின் தி பிரெய்ன் ட்யூமர் சாரிட்டி, அமெரிக்க தேசியப் புற்றுநோய் நிறுவனத்தின் நோயாளிகளுக்கான பக்கங்கள். இந்தியாவில், டாடா நினைவு மருத்துவமனை மருத்துவர்களின் முயற்சியில் உருவான பிரெய்ன் ட்யூமர் ஃபவுண்டேஷன் ஆஃப் இந்தியா இருக்கிறது. படித்ததை அப்படியே நம்பிவிடாமல், அடுத்த ஓபிக்கு மூன்று கேள்விகளாக எழுதிக்கொண்டு போங்கள்.

சராசரி ஆயுள் கணக்கைப் பார்க்கத்தான் செய்வீர்கள். அப்போது இதை நினைவில் வையுங்கள்: 15 மாதம் என்று ஒரு இடைநிலை எண் போட்டிருந்தால், பாதிப் பேர் அதைத் தாண்டி வாழ்ந்தார்கள் என்று பொருள், சிலர் வெகுதூரம் தாண்டினார்கள். அந்த எண் ஒரு கூட்டத்தைப் பற்றியது. வயது, கட்டி எவ்வளவு எடுக்கப்பட்டது, மரபணு நிலை, உடல் தெம்பு எல்லாம் அதை மாற்றும். நோயாளி கேட்காதவரை அவரிடம் எண் சொல்ல வேண்டிய தேவை இல்லை.

சோதனை சிகிச்சைகள் பற்றிக் கேள்விப்பட்டால், இந்திய மருத்துவ ஆய்வுப் பதிவேடான சி.டி.ஆர்.ஐ.யில் இருக்கிறதா என்று பாருங்கள். 2007இல் தொடங்கிய பதிவேடு அது, யாரும் இலவசமாகத் தேடலாம். அதில் பதிவே இல்லாமல், ஆய்வு என்று சொல்லி லட்சக்கணக்கில் பணம் கேட்பவரிடமிருந்து எழுந்து வந்துவிடுங்கள்.

வாட்ஸ்அப்பில் வருபவை தனிக் கதை. முள் சீத்தாப்பழம் கீமோவைவிடப் பல மடங்கு சக்தி வாய்ந்தது என்ற செய்தி எனக்கே எத்தனையோ முறை வந்திருக்கிறது. மனிதர்களிடம் அப்படி எந்த ஆய்வும் நிரூபிக்கவில்லை. சித்த மருந்தோ நாட்டு மருந்தோ ஏற்கெனவே எடுத்துக்கொண்டிருந்தால் மறைக்காமல் டாக்டரிடம் சொல்லுங்கள். உலோகம் சேர்ந்த பற்பம், செந்தூரம் போன்றவை கீமோ நடக்கும்போது கல்லீரலுக்கும் சிறுநீரகத்துக்கும் கூடுதல் சுமை. சில மூலிகைகள் ஃபிட்ஸ் மாத்திரையின் வேலையைக் கெடுக்கக்கூடும்.

"எந்நேரமும் போனில் பேசினதாலதான்" என்று யாராவது சொல்வார்கள். உலக சுகாதார நிறுவனம் ஏற்பாடு செய்து 2024இல் வெளியான பெரிய ஆய்வுத் தொகுப்பு, செல்போனுக்கும் மூளைப் புற்றுநோய்க்கும் தொடர்பு தெரியவில்லை என்றுதான் சொன்னது. ஜாதகம், யாரோ விட்ட சாபம் எதுவும் காரணம் கிடையாது. நோயாளி குற்ற உணர்வில் உட்கார்ந்திருந்தால் இதை அவரிடம் வாய்விட்டுச் சொல்லுங்கள்.

நோயாளியிடம் சொல்வதா?

நம் வீடுகளில் முதலில் எடுக்கும் முடிவு, "அவருக்குத் தெரிய வேண்டாம்" என்பதுதான். அன்பினால்தான். ஆனால் மூளைக்கட்டியில் இந்த மௌனம் வேறு எந்த நோயையும்விட அதிகச் சேதம் செய்கிறது என்பது என் உறுதியான எண்ணம். பின்னால் நினைவோ பேச்சோ குறையக்கூடிய நோய் இது. தெளிவாக இருக்கும் நாட்களில்தான் அவர் தன் விருப்பத்தைச் சொல்ல முடியும். அதை அவரிடமிருந்து நாம் பறித்துவிடக் கூடாது. தவிர, மறைத்தாலும் தெரிந்துவிடும். ஓபி வரிசையில் பக்கத்தில் உட்கார்ந்திருப்பவர் சொல்லிவிடுவார். அப்புறம் அவர் நம்மிடம் கேட்பதை நிறுத்திவிடுவார், தனியாக பயப்படுவார்.

எல்லாவற்றையும் ஒரேயடியாகக் கொட்டச் சொல்லவில்லை. எங்கள் வீட்டில் அக்கா கேட்டது இதுதான்: "ஏங்க, டாக்டர் சொன்னதை எல்லாம் உங்ககிட்ட சொல்லணுமா, இல்ல நாங்க பார்த்துக்கிட்டா போதுமா?" மாமா சற்று நேரம் பேசாமல் இருந்துவிட்டு, "வைத்தியம் என்னன்னு சொல்லு, மத்தத நான் கேக்கும்போது சொல்லு" என்றார். அப்படியே செய்தோம். எவ்வளவு தெரிய வேண்டும் என்பதை முடிவு செய்யும் உரிமை அவருடையது. பிள்ளைகளுக்கும் வயதுக்கு ஏற்றபடி சொல்லிவிடுங்கள்: அப்பாவின் மூளையில் ஒரு கட்டி, டாக்டர்கள் வைத்தியம் பார்க்கிறார்கள், இது தொற்றாது, உன்னால் வந்ததும் இல்லை.

சொல்லக் கசப்பாக இருந்தாலும் இந்த நாட்களிலேயே செய்ய வேண்டிய காகித வேலை ஒன்று உண்டு. வங்கிக் கணக்கில் நாமினி இருக்கிறதா பாருங்கள். இருவரில் யார் வேண்டுமானாலும் எடுக்கக்கூடிய கூட்டுக் கணக்காக மாற்றுங்கள். பவர் பத்திரம் எழுதி வைத்தால் போதும் என்று பலர் நினைக்கிறார்கள். எழுதிக் கொடுத்தவரின் மனத்தெளிவு போய்விட்டால் சாதாரண பவர் பத்திரம் செல்லாது. இளம் வயதுக்காரர் என்றால், கீமோ தொடங்கும் முன் விந்தணுவையோ கருமுட்டையையோ சேமித்து வைப்பது பற்றி டாக்டரிடம் கேளுங்கள். கூச்சப்பட்டு விட்டுவிட்டால் பின்னால் திரும்பப் பெற முடியாது.

பணத்துக்கான வழிகள்

நகையை அடகு வைக்கும் முன் காப்பீட்டு கவுண்டருக்குப் போங்கள். முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டத்தில் ஒரு குடும்பத்துக்கு ஆண்டுக்கு 5 லட்சம் ரூபாய் வரை கிடைக்கும். ஆண்டு வருமானம் 1,20,000 ரூபாய்க்குள் இருக்க வேண்டும். வருமானச் சான்று, ரேஷன் அட்டை, ஆதார் மூன்றையும் எடுத்துக்கொண்டு மாவட்ட ஆட்சியர் அலுவலகத்தில் உள்ள மையத்தில் பதிவு செய்யலாம். இலவச எண் 1800 425 3993. அட்டை இருந்தாலும் எல்லா ஆஸ்பத்திரியிலும் எல்லாச் சிகிச்சைக்கும் செல்லாது. "இந்த ஆபரேஷன் இந்த ஆஸ்பத்திரியில் திட்டத்தில் வருமா? கதிர்வீச்சு தனியாக வருமா? மாத்திரைக்கு வருமா?" என்று அட்மிஷனுக்கு முன்பே கேட்டு, முன் அனுமதி வந்த பிறகு சேருங்கள்.

கம்பெனியில் வேலை பார்த்து இ.எஸ்.ஐ. பிடித்தம் இருப்பவர்களுக்கு ஒரு செய்தி, பலருக்குத் தெரியாதது: நீண்டகால நோய்களுக்கான இ.எஸ்.ஐ. பட்டியலில் புற்றுநோயும், மூளையில் இடத்தை அடைக்கும் கட்டியும் இருக்கின்றன. தகுதி இருந்தால் வழக்கமான நோய்க்கால உதவி முடிந்த பிறகும் சம்பளத்தில் 80 சதவீதம் வரை, அதிகபட்சம் இரண்டு ஆண்டு கிடைக்கும். அரசு வேலையில் இருப்பவர் நோயால் ஊனமடைந்தால், அதைக் காரணமாக வைத்து அவரை வேலையை விட்டு நீக்கவோ பதவியிறக்கவோ கூடாது என்று 2016ஆம் ஆண்டு மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் சொல்கிறது.

புற்றுநோய் என்று உறுதியானால் சிகிச்சைக்குப் போகும் ரயில் பயணத்தில் ஸ்லீப்பரிலும் மூன்றடுக்கு ஏ.சி.யிலும் நோயாளிக்குக் கட்டணம் இல்லை, துணைக்குப் போகிறவருக்கும் பெரும் சலுகை உண்டு. ஆஸ்பத்திரியில் அதற்கான படிவத்தில் சான்று வாங்க வேண்டும். பிரதமர் நிவாரண நிதிக்கும் விண்ணப்பிக்கலாம். இந்த எல்லாப் படிவங்களுக்கும் ஒரே ஆள் வழி காட்டுவார்: ஆஸ்பத்திரியின் மருத்துவ சமூகப் பணியாளர். பெரிய ஆஸ்பத்திரிகளில் எல்லாம் இருப்பார், கேட்டால்தான் காட்டுவார்கள். குழந்தைக்குக் கட்டி என்றால் கேன்கிட்ஸ் அமைப்பு பணத்துக்கும், தங்கும் இடத்துக்கும், பள்ளிப் படிப்புக்கும் உதவுகிறது.

விலை உயர்ந்த சிகிச்சை எல்லாம் எல்லாருக்கும் தேவைப்படாது. சென்னையில் 2019 முதல் புரோட்டான் கதிர்வீச்சு கிடைக்கிறது என்றதும் நிலத்தை விற்கக் கிளம்புகிறவர்கள் இருக்கிறார்கள். சில குழந்தைகளுக்கும், சில இடங்களில் இருக்கும் கட்டிகளுக்கும் அதனால் நிஜமான பலன் உண்டு. மற்றவர்களுக்கு வழக்கமான கதிர்வீச்சே போதும். "எங்களுக்கு அதனால் என்ன கூடுதல் பலன்?" என்று கேட்டுவிட்டு முடிவு செய்யுங்கள்.

அதே பாதையில் நடந்தவர்கள்

டாக்டர் சொல்ல முடியாத சில விஷயங்களை இன்னொரு நோயாளியின் மனைவியால்தான் சொல்ல முடியும். கதிர்வீச்சு முகமூடி மாட்டும்போது எப்படி இருக்கும், முடி எந்த வாரம் கொட்டும், டெமோசோலோமைடு எந்த நேரத்தில் சாப்பிட்டால் குமட்டல் குறைவு என்பதெல்லாம். அவர்களைத் தேடிக் கண்டுபிடிக்க எளிய இடம், கரண்ட் வைக்கும் பிரிவின், அதாவது கதிர்வீச்சுப் பிரிவின் காத்திருப்பு அறை. க்ளையோபிளாஸ்டோமாவுக்கு வழக்கமான கதிர்வீச்சு ஆறு வாரத்தில் 30 தடவை. தினமும் அதே முகங்கள் வரும். இரண்டாம் வாரத்தில் நீங்களே பேச ஆரம்பித்துவிடுவீர்கள். ஜூன் 8 உலக மூளைக்கட்டி தினம், ஜெர்மனியில் 2000இல் தொடங்கியது. அதையொட்டி பல ஆஸ்பத்திரிகள் நோயாளிகள் கூட்டம் நடத்துகின்றன. அன்று போய்ப் பாருங்கள், ஐந்து வருடம், பத்து வருடம் கடந்தவர்களை நேரில் சந்திக்கலாம்.

எந்தக் குழுவில் சேர்ந்தாலும் ஒரே மாதிரிக் கட்டி உள்ளவர்களைத் தேடுங்கள். குழுவில் மருந்து விற்பவர், "தனியாக மெசேஜ் பண்ணுங்க" என்று அழைப்பவர், கீமோவை நிறுத்தச் சொல்பவர் இருந்தால் வெளியேறிவிடுங்கள். ரிப்போர்ட்டைப் பகிர்ந்தால் பெயர், ஆஸ்பத்திரி எண், போன் எண் எல்லாவற்றையும் மறைத்துவிட்டு அனுப்புங்கள்.

சிகிச்சை ஓடும் மாதங்களில்

இந்த நாட்களில் குடும்பத்தை உடைப்பது பெரும்பாலும் குணமாற்றம்தான். நெற்றிப் பக்கத்தில் கட்டி இருந்தவர் காரணமில்லாமல் கத்துவார், அழுவார், எதிலும் அக்கறையில்லாமல் உட்கார்ந்திருப்பார். மூளை வீக்கத்துக்குக் கொடுக்கும் டெக்ஸாமெத்தசோனும் தூக்கத்தைக் கெடுத்து, கடும் பசியையும் எரிச்சலையும் கிளப்பும். "என்னை இப்படி ஒரு வார்த்தை அவர் சொன்னதே இல்லை" என்று அழும் மனைவிகளைப் பார்த்திருக்கிறேன். அம்மா, அது நோயும் மாத்திரையும் செய்கிற வேலை. டாக்டரிடம் சொல்லுங்கள், அளவை மாற்றலாம், கடைசி வேளையை முன்னதாகக் கொடுக்கலாம். ஆனால் அந்த மாத்திரையை நீங்களாகத் திடீரென்று நிறுத்தவே கூடாது. சர்க்கரையை அடிக்கடி பார்த்துக்கொள்ளுங்கள். ஃபிட்ஸ் மாத்திரையும் ஒரு வேளை தவறக் கூடாது. ஊருக்குப் போகும்போது இரண்டு பையில் பிரித்து எடுத்துப் போங்கள்.

கதிர்வீச்சு முடிந்து எடுக்கும் முதல் எம்.ஆர்.ஐ.யில் கட்டி பெரிதானது போலத் தெரியலாம். முதல் சில மாதங்களில் சிகிச்சையின் விளைவாலேயே இப்படித் தோன்றுவது உண்டு. சில வாரம் கழித்து மறுபடி எடுத்துப் பார்த்தால்தான் உண்மை தெரியும். ரிப்போர்ட்டை கவுண்டரில் வாங்கியதும் நீங்களே படித்து முடிவுக்கு வராதீர்கள்.

பார்த்துக்கொள்ளும் ஒருவரே எல்லாவற்றையும் சுமந்தால் மூன்றாம் மாதம் படுத்துவிடுவார். "ஏதாவது வேணும்னா சொல்லுங்க" என்று கேட்டவர்களிடம் குறிப்பான வேலையாகக் கொடுங்கள்: செவ்வாய்க்கிழமை ரத்தப் பரிசோதனைக்குக் கூட்டிப்போவது, பிள்ளையைப் பள்ளியிலிருந்து அழைத்து வருவது, ஞாயிற்றுக்கிழமை சாப்பாடு. உறவினர்களின் போன் அழைப்புகளுக்குப் பதில் சொல்ல ஒருவரை நியமித்துவிடுங்கள். தூக்கம் வராமல், மனம் தாங்காமல் போனால் அரசின் மனநல உதவிச் சேவையான டெலி மானஸ் எண் 14416, எந்த நேரமும், தமிழிலேயே பேசலாம். நோயாளிக்கு மட்டுமல்ல, பார்த்துக்கொள்பவருக்கும்தான்.

வலி தணிப்பு மருத்துவத்தைக் கடைசி நாட்களுக்கு என்று ஒதுக்கிவைக்காதீர்கள். தலைவலி, வாந்தி, மலச்சிக்கல், படுக்கைப்புண், மனச்சோர்வு எல்லாவற்றையும் அவர்கள் கவனிப்பார்கள், கீமோ நடக்கும்போதே பார்க்கலாம். எழுந்து நடமாட முடியாத நிலை வந்தால், 2021 ஆகஸ்டில் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் இயன்முறை சிகிச்சையும் வலி தணிப்பு கவனிப்பும் வீட்டுக்கே வரும். உங்கள் ஆரம்ப சுகாதார நிலையத்தில் நோயாளியின் பெயரைப் பதிவு செய்யுங்கள். போகும்போது பைலின் முதல் தாளை ஒரு நகல் எடுத்துப் போங்கள், கிராம செவிலியரிடம் அது இருந்தால் அவர் முதல் தடவை வரும்போதே தேவையான பொருட்களோடு வர முடியும்.